இலை துளிர்த்தால் போதாது: அத்திப் போத்து வேர்விடும் கதை

பழைய ரப்பர் தோட்டத்து லயங்களின் பின்புறம் எப்படி இருந்தது என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வேலியோரம் முருங்கை, கொல்லையில் மரவள்ளி, வாசலில் செம்பருத்தி என்று பட்டியல் நீளும். இவற்றைப் பெரும்பாலும் யாரும் கடையில் வாங்கவில்லை. பக்கத்து லயத்தில் ஒரு கிளை கேட்டு வாங்கி, மண்ணில் ஊன்றி, பிறகு மறந்துவிட்டார்கள். அது தானாக மரமானது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தவித்த குடும்பங்களுக்குச் சோறாக இருந்த மரவள்ளியும் விதையால் பரவவில்லை. ஒரு சாண் நீளத் தண்டுதான் தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. இப்படி நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டுக்குப் போத்து என்று பெயர்.

இப்போது ஈப்போ வீடுகளின் முன்புறச் சட்டிகளில் புதிதாக ஒரு செடியைப் பார்க்கலாம். கைவிரல்களை விரித்தாற்போல இலை, ஒடித்தால் வெள்ளைப் பால். மலாய்க்காரர்கள் 'புவா தின்' என்பார்கள். திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்துக்கே இந்தப் பழத்தின் பெயர்தான். நமக்கு இது சீமை அத்தி. தமிழ்நாட்டில் ஆற்றோரம் வளரும் நாட்டு அத்தி வேறு இனம். இரண்டும் அரசு, ஆலமரம் ஆகியவற்றோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

நண்பர் வீட்டு அத்தியிலிருந்து ஒரு கிளையை வாங்கி வந்து நீங்களும் நடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முருங்கையை நட்ட அதே முறைதான்: கருமண், தினமும் இரண்டு வேளை தண்ணீர். பத்துப் பன்னிரண்டு நாளில் மொட்டு விரிந்து பச்சை இலை எட்டிப் பார்க்கிறது. வீடே மகிழ்கிறது. செடி பிழைத்துவிட்டது என்று அதை வெயிலில் நகர்த்தி வைக்கிறீர்கள். அடுத்த வாரம் இலை தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறீர்கள். இருபத்தைந்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் அடிப்பகுதி கறுத்துக் குழைந்து நாறுகிறது. வேர் ஒன்றுகூட இல்லை.

வேரே இல்லாத குச்சியில் இலை எப்படி வந்தது? அத்தி நட்டுத் தோற்றவர்களில் பெரும்பாலோர் ஏமாந்த இடம் இதுதான்.

கிளை மரத்தில் இருந்தபோது இலைகள் தயாரித்த உணவின் ஒரு பகுதி மாவுப்பொருளாகத் தண்டுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் நீரும் இருக்கும். வெட்டிய பிறகு மொட்டு விரிவதற்கு அந்தச் சேமிப்பே போதும். வங்கியில் பழைய பணம் இருக்கும்வரை சம்பளம் இல்லாதவரும் செலவு செய்யலாம் அல்லவா? முதல் இலை என்பது அப்படிப்பட்ட செலவு, வருமானம் இல்லை. இலை விரிந்ததும் செலவு இன்னும் கூடுகிறது. அதன் அடிப்பக்கத்தில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வேர் இருந்தால் மண்ணிலிருந்து ஈடுகட்டலாம். வேர் இல்லாதபோது வெட்டுவாய் உறிஞ்சும் சிறிதளவு நீரை மட்டுமே நம்ப வேண்டும். உறைந்த பாலும் நுண்ணுயிர்களும் அந்த வாயையும் மெல்ல அடைத்துவிடுகின்றன.

ஆகவே போத்துக்குள் நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம். சேமிப்பு தீர்வதற்குள் வேர் வந்தாக வேண்டும். நாம் செய்யக்கூடிய உதவி இரண்டே: இலை வழியாகப் போகும் நீரைக் குறைப்பது, அடிப்பகுதியை அழுகாமல் வைத்திருப்பது. தண்ணீரை அள்ளி ஊற்றுவது இரண்டாவது வேலையைக் கெடுக்கிறது.

வேர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய செல் அடுக்கு இருக்கிறது. வழக்கமாக அது உள்பக்கம் மரத்தையும் வெளிப்பக்கம் உணவுக் குழாய்த் திசுவையும் உண்டாக்கித் தண்டைப் பருக்க வைக்கும். கிளையை வெட்டிவிட்டால் அதைச் சுற்றியுள்ள சில செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடியும் பிரியத் தொடங்கி, வேர் முனையாக உருவெடுக்கும். தண்டாக இருந்த செல் வேராக மாறுவது சாதாரணக் காரியம் இல்லை. மனிதனின் வெட்டுப்பட்ட விரலால் இது முடியாது.

அந்தச் செல்களுக்கு உத்தரவு கொடுப்பது ஆக்சின் என்ற ஹார்மோன். நுனி மொட்டும் இளம் இலைகளும் அதைத் தயாரிக்கின்றன. அது தண்டுக்குள் ஒரே திசையில்தான் பயணம் செய்யும்: நுனியிலிருந்து அடி நோக்கி. முழு மரத்தில் அது வேர்வரை போய்விடும். வெட்டிய கிளையில் போக வழியில்லாமல் வெட்டுவாய்க்குச் சற்று மேலே தேங்கும். அந்தத் தேக்கம்தான் 'இங்கே வேர் தேவை' என்ற செய்தி.

ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், 1878இல், ஹெர்மன் ஃபெக்டிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை வேறு வழியில் காட்டினார். வில்லோ மரக் குச்சிகளை ஈரக்காற்று நிறைந்த இடத்தில் தொங்கவிட்டார். சிலவற்றை நேராக, சிலவற்றைத் தலைகீழாக. தலைகீழாகத் தொங்கிய குச்சியிலும், மரத்தில் இருந்தபோது எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் அதிகம் வந்தது, அது இப்போது மேலே இருந்தாலும். தன் அடி எது, நுனி எது என்பது குச்சிக்கு நினைவிருக்கிறது என்று சொல்லலாம். எனவே அத்திக் கிளையை வெட்டியவுடன் அடிப்பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும். அதை வைத்தும் எது மேல்பக்கம் என்று கண்டுபிடிக்கலாம்.

1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில், ஆக்சினைப் போலவே வேலை செய்யும் இண்டோல்பியூட்டிரிக் அமிலம் வேர் பிடிக்க வைப்பதாகக் கண்டார்கள். செடிக்கடையில் சிறிய டப்பாவில் விற்கும் 'வேர் ஹார்மோன்' பொடிகளில் இன்றும் பெரும்பாலும் இருப்பது அதுவே. அத்திக்கு அது கட்டாயம் இல்லை. தேன் தடவு, கற்றாழைச் சாற்றில் ஊற வை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அத்தி இயல்பாகவே எளிதில் வேர் பிடிக்கும் இனம். எதைத் தடவினாலும் நிறையப் போத்துகள் பிழைக்கும், புகழ் தேனுக்குப் போய்ச் சேரும்.

இனி அழுகலுக்கு வருவோம். வேரை உருவாக்கும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்குச் சுவாசம் வேண்டும். சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் இடுக்குகளையெல்லாம் தண்ணீர் அடைத்துவிட்டால் போத்தின் அடி மூச்சுத் திணறும். ஆக்சிஜன் இல்லாமலும் வாழத் தெரிந்த பாக்டீரியாக்களும், சேற்றில் நீந்தும் வித்துகளைக் கொண்ட பூஞ்சை போன்ற உயிர்களும் அப்போது கொண்டாட்டம் போடும். ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஈப்போவில், சட்டியை மழை படும் இடத்தில் வைத்தாலே இது நடந்துவிடும்.

மத்திய தரைக்கடல் நாடுகளில் அத்தி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். தூங்கும் கிளையை வெட்டி நடுவது அங்குள்ள வழக்கம். நூல்களிலும் காணொளிகளிலும் வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்த நாடுகளுக்கு எழுதியவை. நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுதும் இலை இருக்கும், ஆண்டு முழுதும் பூஞ்சையும் இருக்கும். ஆகவே நாம் வெட்டும் கிளையை நாமே தூங்க வைக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உலர்ந்த அத்திப்பழத்துக்குள் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கின்றனவே, அவற்றை முளைக்க வைத்தால் என்ன?

'அத்தி பூத்தாற்போல' என்று தமிழில் சொல்வோம், மிக அபூர்வமாக நடப்பதற்கு. உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. நாம் பழம் என்று நினைப்பதே உள்பக்கமாகத் திருப்பிய ஒரு பூங்கொத்துதான். நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் உள்ளே, ஒரே ஓர் ஊசித்துளை வெளியே. அந்தத் துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்க ஒரு சிறிய குளவி இருக்கிறது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளவி. நம் காட்டு அத்திகளுக்கு உரிய குளவிகள் இங்கே உண்டு. சீமை அத்தியின் குளவிக்கு இது ஊர் இல்லை.

குளவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியா விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1880களில் துருக்கியின் புகழ்பெற்ற ஸ்மிர்னா அத்தியின் போத்துகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து நட்டார்கள். மரங்கள் நன்றாக வளர்ந்தன. காய்கள் மட்டும் கோலிக்குண்டு அளவில் உதிர்ந்தன. துருக்கியர்கள் மட்டமான வகையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் குமுறினார்கள். ஏமாற்று எதுவும் இல்லை. ஸ்மிர்னா வகைக்கு மகரந்தச் சேர்க்கை கட்டாயம். 1899இல் குளவியையே கொண்டுவந்து நிலைபெறச் செய்த பிறகுதான் அந்த மரங்கள் காய்த்தன.

கடையில் வாங்கும் துருக்கி உலர் அத்தியின் விதையை நீங்கள் முளைக்க வைத்தால் செடி வரும். அதில் ஏறக்குறைய பாதி ஆண் அத்தியாக இருக்கும். மீதியில் பலவும் குளவியை எதிர்பார்த்துக் காய் உதிர்க்கும். நான்கைந்து ஆண்டு வளர்த்த பிறகுதான் அது தெரியவரும். மகரந்தம் இல்லாமலே கனியும் வகைகள் தனியாக உண்டு. பிரௌன் டர்க்கி, மசூயி டாஃபின் ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றின் பழத்தில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. அவை பரவ ஒரே வழி, மனிதன் கிளையை வெட்டி நடுவது. எனவே போத்து வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்த மரம் இங்கே, இந்த ஊரில், பழுத்திருக்கிறதா?' தாய்மரம் ஈப்போவில் பழுத்தால், அதன் போத்தும் பழுக்கும். இரண்டும் ஒரே மரம்தான்.

கிளையைத் தேர்ந்தெடுங்கள். பச்சையாக வளையும் நுனி வேண்டாம், அதில் சேமிப்பு குறைவு. பென்சில் கனத்தில், பழுப்பு நிறம் ஏறிய, நான்கைந்து கணுக்கள் உள்ள பகுதி நல்லது. ஒரு சாண் நீளம் போதும். கத்தரியைக் கொதிநீரிலோ மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலிலோ துடையுங்கள். அடியில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள்; மேலே, கடைசி மொட்டுக்கு ஒரு விரல் அகலம் தள்ளிச் சாய்வாக வெட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டியதும் வடியும் பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதியும், சோராலென் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களும் உண்டு. அது தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால், புற ஊதாக் கதிர் அந்தப் பொருளைத் தூண்டிவிட்டுத் தீக்காயம் போன்ற கொப்புளங்கள் வரும். உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். தோட்டத்தில் ரப்பர்ப் பால் கையில் பட்டுப் பழகிய வீடுகளில் 'பால்தானே' என்று அசட்டையாக இருந்துவிடுவார்கள். இந்தப் பால் வேறு. கையுறை போடுங்கள், நீளக்கைச் சட்டை அணியுங்கள், மாலையில் வெட்டுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள்.

இலைகளையெல்லாம் காம்பில் சிறிது விட்டு வெட்டிவிடுங்கள். நாம் கிளையைத் தூங்க வைப்பது இப்படித்தான். குச்சியை ஒரு குவளைத் தண்ணீரில் சில நிமிடம் வைத்துப் பால் வடிவது நின்றதும் எடுத்து, நிழலில் வெட்டுவாய் உலரும்வரை விடுங்கள்.

நடுவதற்குப் பையில் விற்கும் கருமண் வேண்டாம். உரம் கலந்த அந்த மண் வளர்ந்த செடிக்கு நல்லது. வேரில்லாத குச்சிக்கு அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு. கழுவிய கரகரப்பான ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் சமபாகமாகக் கலந்தால் போதும். கிந்தா பள்ளத்தாக்கில் மணலுக்கா பஞ்சம்? ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த நிலம் இது. ஈயம் கழுவிய இடங்களில் கிடக்கும் வெண்மணலில் சத்து கிடையாது, நீரும் நிற்காது. பயிருக்குச் சாபமான அந்தக் குணம் போத்துக்கு வரம். கடல் மணல் மட்டும் கூடாது, உப்பு இருக்கும்.

பாத்திரம் தே ஐஸ் வாங்கி வந்த பிளாஸ்டிக் கோப்பை. அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். உள்ளே தெரியும் என்பதுதான் அதன் சிறப்பு. வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசையிலிருந்து உங்களைக் காப்பாற்றும். பிடுங்கிப் பார்த்தே செத்த போத்துகள் ஏராளம். வேர் இருளை விரும்பும். ஆகவே கோப்பையைக் காகிதத்தால் சுற்றி, பார்க்கும்போது மட்டும் கழற்றுங்கள்.

ஈரம் எவ்வளவு? கலவையை ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள். கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, மேலே பெரிய தண்ணீர்ப் புட்டியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே காற்று ஈரமாக இருந்தால் துளிர்க்கும் இலை நீரை இழக்காது. வெளிச்சமான நிழலில் வையுங்கள். மூடிய புட்டியை வெயிலில் வைத்தால் அது அடுப்பாகிவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் கோப்பையைத் தூக்கிப் பாருங்கள். முதல்நாள் கனத்தைவிடத் தெளிவாக இலேசானால் மட்டும் ஊற்றுங்கள். வாரக்கணக்கில் ஊற்ற வேண்டியே வராமல் போகலாம்.

பிறகு காத்திருப்பு. பட்டையில் சிறு வெள்ளைப் புள்ளிகள் உப்பி வந்தால் பயப்படாதீர்கள், அவை பட்டை மூச்சுவிடும் துளைகள், ஈரக்காற்றில் பருக்கும். பஞ்சு போல மயிர்மயிராகப் படர்ந்தால்தான் பூஞ்சை. அதைத் துடைத்துவிட்டுக் காற்றாடும் நேரத்தைக் கூட்டுங்கள். வெட்டுவாயில் வெள்ளைப் பொருக்கு போல ஒன்று தோன்றும். அது காயத்தை மூடும் கேலஸ் திசு. நல்ல அறிகுறி, ஆனால் வேர் இல்லை. வேர் வெள்ளை நூலாகக் கோப்பைச் சுவரில் ஓடும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இவ்வளவும் படித்தபின் பேராக்கில் வளர்ந்த ஒருவருக்கு இயல்பாக ஒரு கேள்வி எழ வேண்டும். அத்திக்கும் பால் வடிகிறது, பால்மரத்துக்கும் பால் வடிகிறது. பிறகு ஏன் யாரும் ரப்பர்க் கிளையை வெட்டி ஊன்றவில்லை?

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஒன்பதைக் கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் காட்டப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். தொடக்ககாலத் தோட்டங்கள் எல்லாம் விதையிலிருந்து வந்தவை. விதையிலிருந்து வந்தால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு குணம். ஒரே நிரையில் ஒரு மரம் கோப்பை நிறையப் பால் தரும், அடுத்தது அடி நனைக்கும். இரண்டுக்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் உழைப்பு ஒன்றுதான். அந்த நல்ல மரத்தையே ஆயிரமாக்க முடியாதா?

கிளையை ஊன்றினால் முடியாது. முதிர்ந்த ரப்பர் மரத்தின் கிளை வேர் பிடிப்பது மிக அரிது. மரம் வயதாக ஆகச் செல்கள் தம் வேலையை மாற்றிக்கொள்ளும் திறனை இழப்பது பல இனங்களில் உண்டு. ரப்பரில் அது கடுமை. இளங்கன்றின் தண்டை வேர்பிடிக்க வைத்தாலும் ஆணிவேர் வராது, பலத்த காற்றில் மரம் சாயும். ஆகவே 1910களின் பிற்பகுதியில் ஜாவா, சுமத்திராவில் வேறு வழி கண்டார்கள். விதையில் முளைத்த கன்றின் வேரை வைத்துக்கொண்டு, நல்ல மரத்தின் ஒரே ஒரு மொட்டை அதன் பட்டைக்குள் செருகிக் கட்டினார்கள். மொட்டு வளர்ந்ததும் கன்றின் தலையை வெட்டிவிட்டால் வேர் ஒரு மரம், உடம்பு வேறு மரம். இதைத்தான் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுதல் என்றார்கள். 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற புகழ்பெற்ற வகையின் பெற்றோர்களில் ஒன்று, பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த மரம். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று நிற்பது புத்ராஜெயா.

ரப்பரை அழித்து நட்ட செம்பனைக்கு இந்த வழிகூட இல்லை. பனைக் குடும்பத்துக்குக் கேம்பியம் இல்லை, செம்பனைக்குக் கிளையும் இல்லை. இருப்பது உச்சியில் ஒரே குருத்து. அதை வெட்டினால் மரமே சாகும்.

அத்தி எவ்வளவு எளிதில் வேர்பிடிக்கும் என்பதை மனிதன் வெகுகாலம் முன்பே கவனித்திருக்கக்கூடும். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய அத்திப்பழங்கள் சுமார் 11,400 ஆண்டு பழமையானவை என்றும், அவை மகரந்தம் இல்லாமல் கனிந்த வகை என்றும் 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அப்படியானால் யாரோ கிளை வெட்டி நட்டிருக்க வேண்டும், கோதுமை பயிரிடுவதற்கும் முன்பு என்பது அவர்கள் வாதம். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை; காட்டு மரத்திலும் அப்படிப் பழம் வரலாம் என்று மறுத்தவர்கள் உண்டு.

நகலெடுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தாய்மரத்தின் நோயும் போத்தோடு வரும். அத்தி இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகள், கோணல் வடிவம் தெரிந்தால் அது தேமல் நச்சுயிரியாக இருக்கலாம். அந்த மரத்திலிருந்து வெட்டாதீர்கள், வெட்டினால் நோயையும் சேர்த்தே நடுகிறீர்கள். எல்லா மரமும் ஒரே மாதிரியாக இருந்தால் ஒரு நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு உருவாக்கிய ரப்பர்த் தோட்டங்களைத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் அழித்தது. அந்த நோய் நம் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று மலேசிய விவசாயத் துறை இன்றும் எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம், இங்குள்ள மரங்கள் மிகக் குறுகிய ஒரு வம்சத்திலிருந்து வந்தவை என்பதுதான். வெளிநாட்டிலிருந்து அத்திப் போத்தை அஞ்சலில் வரவழைக்க அனுமதிச்சீட்டு கேட்பதும் இதே அச்சத்தால்தான்; அது வீண் கெடுபிடி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே மரம் என்பதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அறிவியல் சோதனைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஒரே கிளையிலிருந்து பன்னிரண்டு போத்து வெட்டினால் பன்னிரண்டும் மரபளவில் ஒன்று. நான்கைத் தேனில் தோய்த்து நடுங்கள், நான்கை வேர் ஹார்மோனில், நான்கை எதுவும் தடவாமல். மண், ஈரம், நிழல், மூடி எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி இரண்டையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: நீங்கள் மாற்றுவது தடவும் பொருளை, அளப்பது முதல் வேர் தெரிந்த நாளையும் வேர்களின் எண்ணிக்கையையும். இலை வந்த நாளையும் தனியாகக் குறித்து வையுங்கள். இலை முந்தியதா, வேர் முந்தியதா, இடைவெளி எத்தனை நாள் என்பது இந்தக் கட்டுரை சொன்னது சரியா என்று உங்களுக்கே காட்டிவிடும்.

வேர் தெரிந்ததும் உடனே மாற்றி நடாதீர்கள். முதல் வேர்கள் கண்ணாடி நூல் போல ஒடியும். அவற்றிலிருந்து கிளைவேர் பிரிந்து, நிறம் வெள்ளையிலிருந்து இளம்பழுப்புக்குத் திரும்பும்வரை பொறுங்கள். அதன்பின் மூடியை முதல்நாள் அரைமணி, மறுநாள் ஒரு மணி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். ஒரு வாரம் மூடியில்லாமல் இலை நிமிர்ந்தே நின்றால் கோப்பையைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து, மண்கட்டி உடையாமல் சட்டிக்கு மாற்றுங்கள். இப்போது கருமண் சேர்க்கலாம். முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும். மழைக்கு ஒதுக்குப்புறமாக, கூரை நிழலில்.